ஆறு தட்டு

மரகதம்,
உன் விசைப்பலகையில் முதலில் செத்தது எது தெரியுமா?
ஆங்கில ஏ.
எழுத்து அழிந்து
ரேஷன் கடைப் படி மாதிரி வழுக்கிக் கிடக்கிறது.
பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு
எல்லாவற்றுக்கும் அதைத்தானே குத்துகிறாய்.
க வேண்டுமா, கே-யோடு ஒரு ஏ.
ம வேண்டுமா, எம்மோடு ஒரு ஏ.
நம் அகரம் எங்கேயும் போகவில்லையடி,
மெய்க்குள்ளேயே குடியிருக்கிறது.
வீட்டுக்குள் இருப்பவளை
வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய்.

நீ டீ குடிக்கப் போயிருந்தபோது
உன் பெயரை உன் வழியில் அடித்து எண்ணினேன். பத்து.
என் தமிழ்99-இல் ஆறு.
ம ர க த ம, ஒரு புள்ளி.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
மலை அப்படி, பஸ் என்ன செய்யும்.
உன் மேசை சமதரைதானே?
நினைப்பது தமிழ், திரையில் வந்து விழுவதும் தமிழ்,
நடுவில் ஏன் இத்தனை திருப்பம்?

உயிர் எல்லாம் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம்
(வ-வும் ங-வும் மட்டும் வேலி தாண்டி வந்தவை).
ம-வுக்குப் பின் ப-வைத் தட்டு,
புள்ளி கேட்காமலே வந்து உட்காரும்.
மாம்பழம் என்று அடித்துப் பார், சீசன்தானே.
ஆனால் அந்த ழ-வை
வலது மூலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.
சுண்டுவிரல் இறங்கிப் போய் எடுக்கணும்.
அதில் எனக்கும் கோபம்தான்.

முதல் வாரம் மானம் போகும், மறைக்கமாட்டேன்.
நாகலூர்க்காரர் ஒருவர்
கடை உரிமத்துக்கு விண்ணப்பம் அடிக்க வந்தார்.
விரல் பழைய கே-யைத் தேடிப் போக
'மடை உரிமம்' என்று அச்சாகிவிட்டது.
மலைமேல் மடைக்கு நான் எங்கே போவேன் என்று
சிரித்தார் மனுஷன்.
திருத்திக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.
இரண்டாம் வாரம் வேகம் வரவில்லை, அழுகை வந்தது.
மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம்,
கரண்ட் போய் வந்த பிறகு கவனித்தேன்,
பலகையைப் பார்க்காமலே அடித்துக்கொண்டிருக்கிறேன்.
எந்த வரியில் தொடங்கியது என்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை மனு நாள், கலெக்டர் ஆபீஸ் கூட்டம்,
கற்றுக்கொள்ள ஏது நேரம் என்பாய்.
கூட்டத்தை என் மெஷினுக்கு அனுப்பு.
கைரேகை வைக்கிறவர், கோபத்தில் வருகிறவர்,
மூன்று பக்கம் சொல்லிவிட்டு
'சுருக்கமாப் போடும்மா' என்கிறவர்,
எல்லோரையும்.
செவ்வாயிலிருந்து இருபது நாள் எனக்குக் கொடு.
வராவிட்டால் தட்டுவடை செட்டு என் செலவு,
காரம் உன் இஷ்டம்.

பழக்கத்தில் உன் விரல்
அந்தத் தேய்ந்த சாவிக்கே ஓடும்.
ஓடட்டும்.
இதிலும் அந்த இடத்தில் இருப்பது அ-தான்.
ம-வுக்குப் பின் அதை அழுத்தினாலும்
ம, ம-வாகவே நிற்கும்.