ஏழாம் தகடு

இருபது டிகிரி செல்சியஸ்.
உலகத்து நீளங்கள் எல்லாம்
அந்த ஒரு சூட்டில்தான் உண்மை என்று
குளிர்நாட்டுக்காரர்கள் யாரோ கூடி
எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.
அம்பத்தூரில் இருபது டிகிரி என்பது
தை மாத விடியலில், அதுவும் முந்தின நாள் மழை பெய்திருந்தால்,
ஓர் அரைமணி நேரம்.

இன்று சித்திரை பதினெட்டு.
கொட்டகைக்குள் இரவு எட்டு மணிக்கு
முப்பத்துநான்கு.

நடுவில் மல்லாந்து கிடக்கிறது கிண்ணம்.
ஆறு மீட்டர் அகலம், பன்னிரண்டு அலுமினியத் தகடுகள்.
ஏதோ ஒரு மலைமேல் போய் நின்றுகொண்டு
செயற்கைக்கோளின் முணுமுணுப்பைக் கேட்கப் போகிறதாம்.
கேட்க வேண்டுமென்றால் வளைவு சரியாக இருக்க வேண்டும்.
வரைபடத்தில் போட்ட வளைவிலிருந்து
மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்
எங்கேயும் விலகாத சரி.

பதினான்கு டிகிரிக்கு இது
இரண்டு மில்லிமீட்டர் பெருத்திருக்கிறது.
பரவாயில்லை, கணினி கழித்துக்கொள்ளும்,
எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பெருத்திருந்தால்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறுகிறேன்.
கையில் எலுமிச்சம்பழ அளவில் எஃகுக் குண்டு,
அதன் வயிற்றில் மூலைகூடிய மூன்று கண்ணாடிகள்.
மூலையில் முக்காலியில் நிற்கும் லேசர்
என் கையைவிட்டுக் கண்ணெடுக்காமல் வருகிறது.
யாராவது குறுக்கே போனால் அறுந்துபோகும்,
முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.
கஜபதி இரண்டு தடவை குறுக்கே போனார்.
பட்டரவாக்கம் வழியாக மின்சார ரயில் போகும்போது
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
என் மூச்சுக்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை என்று
தெரிந்துகொண்டேதான்.

நானூற்று எண்பது புள்ளிகள்.
திரையில் கிண்ணம் பச்சையாக விரிகிறது,
ஏழாம் தகட்டில் மட்டும் சிவப்பு.
பூஜ்ஜியம் புள்ளி மூன்று ஒன்று.
நேற்றும் அதே இடம். முந்தாநாளும்.
நேற்று அறிக்கையில் நான்தான் எழுதினேன்:
பொருத்தியவர் பிழை.

பொருத்தியவர் ஏகாம்பரம்.
மூன்று நாளாக ஏழாம் தகட்டின் அடியில் படுத்து
திருகைக் கால் சுற்று இறுக்கி, அரைக்கால் சுற்று தளர்த்தி,
அவர் சட்டை முதுகில்
தரையின் எண்ணெய் வட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் திரையைக் காட்டியிருப்பேன்.
திரை என் பக்கம் இருந்தது.

பதினோரு மணிக்கு என்ன தோன்றியதோ,
கிண்ணத்தைப் பாதி வட்டம் திருப்பச் சொன்னேன்.
"சும்மா சும்மா தூக்க முடியாது மேடம், ஏதாச்சும் ஆயிடிச்சுன்னா?"
என்றபடியே கஜபதி தூக்கினார்.
சங்கிலி நெளிந்தது. கிண்ணம்
தயங்கித் தயங்கித் திரும்பி உட்கார்ந்தது.
சூடு ஆறிச் சமனாக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.
ஒரு நாய் வந்து, படுத்து, எழுந்து போனது.

மறுபடி நானூற்று எண்பது.
ஏழாம் தகடு பச்சை.
எதிர்ப்பக்கத்து ஒன்றாம் தகடு
இப்போது சிவப்பு.
சிவப்பு தகட்டோடு போகவில்லை,
இருந்த இடத்திலேயே இருந்தது.

குண்டைப் பெட்டியில் வைத்துவிட்டு
மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
நள்ளிரவு தாண்டியும்
மூன்று மணி வெயில் சுவருக்குள் இருந்தது.
கடன் வாங்கியவன் சில்லறை சில்லறையாகத் தருவதுபோல
எதிரே இருக்கும் தகட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.
எந்தத் தகடாக இருந்தாலும் சரி.

ஐந்து மணிக்குச் சுவர் தணிந்தது.
மூன்றாம் முறை அளந்தேன். முழுக்கப் பச்சை.

அறிக்கையில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் உண்டு,
இருபத்தொன்பது புள்ளி நான்கு என்று நிரப்பினேன்.
கருவியின் எண்ணுக்குக் கட்டம் உண்டு,
அளந்தவர் பெயருக்கும் உண்டு. திரிபுரசுந்தரி.
சுவருக்குக் கட்டம் இல்லை;
குறிப்பில் எழுதினேன்.
நேற்றைய வரியை அடிக்கவும் முடியாது,
கையெழுத்தாகிப் போய்விட்டது.

ஏகாம்பரத்திடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
இன்னொரு தடவை பார்த்தார்.
"தப்பு என்னோடதுதான்" என்றேன்.
சுவருக்கு எதிரே போய்
என்னைப் போலவே உள்ளங்கையை வைத்தார்.
"ஆறிப்போச்சே" என்றார்,
டீ வந்துவிட்டதா என்று கேட்டார்.