காப்பிக்குப் பதினோரு படிகள்

ஔலுவில் உறைபனியிலும் சைக்கிள் ஓட்டுவோம்.
அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.
பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை,
பாலத்துக்குக் கீழே வளைவில்,
கண்ணாடிபோல் ஒரு தகடு.
தூலிக்கி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.
என்னிடம் மிஞ்சியது
வெள்ளையில் தனியாகக் கிடந்த ஏதோ ஒன்று.
அது என்னுடையதா என்றும் தெரியாது.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.
ஸ்கேன் நன்றாகத்தான் இருந்தது.
நான்தான்
உப்பைச் சர்க்கரை என்றேன்,
மகளை நாயின் பெயரால் கூப்பிட்டேன்,
கடையில் விளக்குகள் இரைந்த இரைச்சலில்
தள்ளுவண்டியை நடுவழியில் விட்டுவிட்டு
வெளியே வந்து பனிக்குவியல்மேல் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை.
பேருந்து நிறுத்தத்தில்
ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி.
ஆகவே நான் சொற்களைத் தொலைத்தது
மே மாதம்வரை எவர் கண்ணிலும் படவில்லை.
'தேறிவிட்டாயே இல்போ' என்றார்கள்.
தலையில் கட்டு இல்லை, கையில் கோல் இல்லை.
தலையாட்டினேன்.
அதற்குச் சொல் வேண்டாம்.

தூலிக்கி தொலைபேசியோடு சமையலறையில் குடியிருந்தாள்.
காப்பீட்டு அலுவலகம் மருத்துவமனையைக் கேள் என்றது,
மருத்துவமனை நகராட்சியைக் கேள் என்றது,
நகராட்சி ஒரு படிவம் அனுப்பியது:
'நோயாளி தன் தேவைகளைச்
சொந்தச் சொற்களில் விவரிக்கவும்.'
அவள் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள்.
பிறகு குழாயைத் திறந்துவிட்டு
ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டியில்
பாத்திரம் கழுவினாள்.

ஏழு மாதம் கழித்து மெர்யா கிடைத்தாள்.
காலுறைகள் இரண்டும் வேறு வேறு நிறம்.
சிகிச்சை என்றால் இயந்திரங்கள் இருக்கும் என்றிருந்தேன்.
ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு காப்பி மெஷின்.
'காப்பி போடுங்கள்.'
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவன் நான்,
நகரத்தின் ஒவ்வொரு திருப்பமும் தோளில் பதிந்திருக்கும்.
தூள் போட்டேன். பொத்தானைத் தட்டினேன். காத்திருந்தேன்.
தண்ணீர் ஊற்றவில்லை.
'பரவாயில்லை' என்று அவள் சொல்லவில்லை.
அதற்காகவே அடுத்த வாரமும் போனேன்.
பதினோரு படிகளாகப் பிரித்து அட்டையில் எழுதினோம்.
நான்காவது தண்ணீர். அதன் கீழே இரண்டு கோடு.

இன்னொரு தாளில் ஒரு முகவரியும் கொடுத்தாள்:
செவ்வாய் மாலை, நூலகத்தின் இரண்டாம் மாடி.

நுழைந்தபோதே குழல்விளக்குகளை அணைத்திருந்தார்கள்,
நான் கேட்காமலே.
கூரைப் பனியை வாரும்போது விழுந்த கைசு.
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத நெல்லி,
பத்தொன்பது வயது, ஹாக்கி.
பென்ட்டி வாராவாரம் ஒரே நகைச்சுவையைச் சொல்வார்.
வாராவாரம் சிரிக்கிறோம்.
எங்களில் பாதிப் பேருக்கு அது உண்மையிலேயே புதிது.
தூலிக்கிக்குக் கீழ்மாடியில் வேறொரு அறை,
எங்களைப் போன்றவர்களோடு வாழ்கிறவர்களுக்கானது.
அங்கே என்ன பேசுகிறார்கள் என்று
நான் கேட்பதில்லை.

மூன்றாம் வாரம் என் முறை வந்தது.
'பனியில் கிடந்தது ஒரு...'
நின்றுவிட்டது.
வெளியே என்றால் இந்நேரம்
நான்கு பேர் நான்கு சொல்லை என் வாயில் திணித்திருப்பார்கள்.
இங்கே யாரும் தரவில்லை.
கைசு நெய்யும் ஊசியை மடியில் வைத்தாள்.
அது நிறுத்தத்தின் மௌனம் அல்ல,
எல்லாரும் என்னோடு சேர்ந்து
ஒரே இருட்டில் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

சொல் வரவில்லை.
ஏழு மணி ஆனது, நாற்காலிகளை அடுக்கினோம்.

அது வந்தது பேருந்து நிறுத்தத்தில்.
'கையுறை!' என்றேன், உரக்க.
இரண்டு மீட்டர் தள்ளி நின்ற பெண்
திடுக்கிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள்.
இரண்டும் இருந்தன.
ஒன்றை உயர்த்தி எனக்குக் காட்டினாள்.