எட்டு மணி நேரக் காற்று

வால்திவியாவில் ஜூலை என்றால்
ஊருக்கே இருமல்.
வீட்டுக்கு வீடு ஈர விறகு புகைகிறது.
ஆற்றுச் சந்தைப் படிகளில் கிடக்கும் கடற்சிங்கங்களும்
தொண்டையைச் செருமுவது போலத்தான் கேட்கும்.
ஆகவே
மூன்று மாதம் இருமிய எடெல்மிராவிடம்
யாரும் என்னவென்று கேட்கவில்லை.
அவளும் அடுப்பைத்தான் குறை சொன்னாள்.

சளியில் காசநோய்க் கிருமி என்று
ஆய்வுக்கூடம் சொன்ன வியாழன் மதியம்
கோப்பு என் மேசைக்கு வந்தது.
எடெல்மிரா கத்ரிலெயோ, நாற்பத்தாறு,
இரவுப்பணி உதவியாளர்,
குறைமாதக் குழந்தைகள் பிரிவு.
ஏப்ரலிலிருந்து அந்த அறையில் மூச்சுவிட்டவர்கள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதில் எழுபத்தொரு பேருக்கு
இன்னும் கழுத்து நிற்கவில்லை.

விதி எளிது.
ஒரே அறை, ஒரே காற்று, எட்டு மணி நேரம்.
கூட்டிப் பார்த்து எட்டைத் தாண்டினால்
அதற்குப் பெயர் தொடர்பு.
தாண்டாதவர்களுக்குக் கடிதம் மட்டும்.

'பயப்பட வேண்டாம்' என்று நான் தொடங்குவதில்லை.
அதைக் கேட்டதும்தான் பயப்படுகிறார்கள்.
குழந்தை எடை கூடுகிறதா என்பேன்.
லாஸ் லாகோஸில் ஒருவர்
மரம் அறுக்கும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு
"யார் அது?" என்றார்.
சொல்ல எனக்கு உரிமையில்லை.
"ராத்திரியில் முணுமுணுவென்று பாடுவாளே, அவளா?"
பேசாமல் இருந்தேன்.
"அவளாக இருக்காது" என்று
அவரே சொல்லிக்கொண்டார்.
வாள் மறுபடி சுழலத் தொடங்கியது.

தனியறையில் அவள்,
கண்ணாடிக் கதவுக்குள் நான்,
இருவர் முகத்திலும் கவசம்.
பணிப்பட்டியலை விரித்தேன்.
நான்காம் தொட்டில்: ஆறு மணி.
ஏழாம் தொட்டில்: பதினொன்று.
ஒன்பதாம் தொட்டில்: எதுவும் இல்லை, அவள் முறையில் வரவில்லை.
அடுத்த பக்கம் திருப்பினேன்.
"ஒன்பதைச் சேருங்கள்" என்றாள்.

காலை ஏழுக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு
பத்து மணிப் பேருந்துவரை
அவனை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.
அவன் அம்மா சால்மன் ஆலையில்,
கல்புகோவில்.
ஞாயிறு மட்டும் வருவாள்.
பகல் தாதிகளுக்குத் தெரியும்,
திரையை இழுத்துவிட்டுப் போவார்களாம்.
எத்தனை நாள்?
விரல்களைப் பார்த்தாள், பிறகு ஜன்னலை.
பத்தொன்பது.

பத்தொன்பது மூன்று ஐம்பத்தேழு.
பேனாவைத் திறக்காமல் சொன்னேன்:
"எழுதினால் உங்கள் வேலை போகலாம்.
திரை இழுத்தவர்களையும் கேட்பார்கள்."
இருமல் வந்தது அவளுக்கு.
அடங்கும்வரை காத்திருந்தோம்,
அவளும் நானும்.
"எழுதாவிட்டால்
அவனுக்கு யார் மருந்து கொடுப்பார்கள்?"

படிவத்தில் 'தொடர்பின் தன்மை' என்றொரு கட்டம்:
பாலூட்டல், குளிப்பாட்டல், சிகிச்சை, பிற.
பிற என்பதில் குறியிட்டேன்.
விவரிக்கவும் என்றிருந்த இடம்
ஒரு விரல் நீளம்.
பட்டியலில் இருந்த கடமைக்கெல்லாம்
எட்டும் பத்தும்தான் கணக்கு.
கடமையில்லாத இடத்தில்தான்
ஐம்பத்தேழு.

சனிக்கிழமை யாஸ்னா வந்தாள்,
கையில் ஐஸ் வெடிப்பு, ஓரங்களில் மருந்துப்பட்டை.
படத்தைக் காட்டினேன்: நுரையீரல் தெளிவு.
ஆனாலும் ஆறு மாதம் மருந்து,
தினமும், எடைக்கேற்ப.
மணிக்கணக்கையும் சொல்ல வேண்டியிருந்தது.
கத்துவாள் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன்.
அவள் உதடு அசைந்தது.
ஞாயிறுகளைக் கூட்டுகிறாள் என்று
எனக்குப் புரியச் சற்று நேரமானது.
நாற்பதைத் தாண்டவில்லை போலும்.
பிறகு கேட்டாள்,
"அந்த நேரத்தில் அழுவானா?"

படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.
திங்கள் காலை கதவுக்கு வெளியே நின்று கேட்டு
கல்புகோவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
இல்லையாம்.
தூங்கிவிடுவானாம், அவள் கழுத்தோரம்,
வாயைத் திறந்தபடி.