ஆறு பாகை

உவர்மலையில் வாடகைக்கு எடுத்த வீடு.
யன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினோம்.
கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே
இரண்டு கல் வைத்தோம்.
தலை தாழ, கால் உயர,
ஆறு பாகை.
அவ்வளவு சரிவு போதுமாம்
இரத்தம் முகத்துக்கு ஏறி
உடம்பு தன்னை வானத்தில் இருப்பதாய் நம்பிவிட.

முப்பது நாள் எழும்பக்கூடாது.
சோறு படுத்தபடி, குளிப்பும் படுத்தபடி.
கிண்ணியாவிலிருந்து முஸம்மில் வந்தார்.
மாவு ஆலையில் பதினொரு வருட இரவு வேலை.
"படுக்கிறதுக்கும் சம்பளமோ மிஸ்?"
ஐந்தாம் நாள் நாரி வலியில்
அந்தச் சிரிப்பு நின்றது.

என் வேலை அவர் நித்திரையைப் பார்ப்பது.
தலையில் பத்தொன்பது கம்பி,
திரையில் பத்தொன்பது கோடு.
கோடுகள் அகன்று அலையடித்தால் ஆழ்ந்த தூக்கம்.
அவருக்கு அது வருவதில்லை.
மணல்மேடு போல ஒன்று எழும்பும்,
எழும்பிய கையோடு
பல்லுப் பல்லாய் உடையும்.

மேலே தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு விடியல்.
நாளுக்குப் பதினாறு சூரியனை வைத்துக்கொண்டு
யார்தான் தூங்குவது?
அதனால் ஒரு விளக்கு செய்திருக்கிறார்கள்,
காலையில் நீலம், பொழுதுபட்டால் தேன் நிறம்.
எங்கள் அறைக்கும் ஒன்று அனுப்பினார்கள்.
விடியலை நான் சுவிட்சில் போட்டேன்.
கறுப்புத் தாளின் ஓரத்தால்
கோயில் மணியும் பாங்கும் கசிந்தன;
அவற்றுக்குச் சுவிட்ச் இல்லை.

கண்ணாலேயே குனிந்து கண்ணாலேயே நிமிர்ந்து
முஸம்மில் ஒருநாள் தொழுதார்.
கண் ஓரத்துக் கம்பிகள் அதைப் பதிந்தன.
கனவு என்று குறித்துவிட்டேன்.
பிறகு வெட்டித் திருத்தினேன்.

படிவத்தில் ஒரு கேள்வி:
இரவில் விழிக்கக் காரணம்?
சிறுநீர், சத்தம், வெளிச்சம், வலி, வேறு.
"வேறு" என்றார்.
என்ன வேறு?
"நாய் குரைச்சா படுத்திருவன் மிஸ்.
குரைக்கிற நாய் நிப்பாட்டினாத்தான் எழும்புவன்."
எந்த வருடத்திலிருந்து என்று நான் கேட்கவில்லை.
நானும் இந்த ஊர்தான்.
என் செருப்பும் இன்றுவரை
வாசலைப் பார்த்தபடிதான் படுக்கிறது.

சித்திரையில், வெளிக்கடலில்,
திமிங்கிலங்கள் தூண் தூணாய் நின்று தூங்குமாம்.
நான் கண்டதில்லை.
சுவரில் கட்டிய பைக்குள் நின்றபடி தூங்குகிறவர்களின்
படத்தை மட்டும் கண்டிருக்கிறேன்.
கைகள் இரண்டும் முன்னால் மிதக்கும்,
எதையோ வாங்க நீட்டியதுபோல.
அவர்கள் தலைமாட்டில் ஒரு காற்றாடி ஓயாமல் சுற்றவேண்டும்.
நின்றால், விட்ட மூச்சு எங்கும் போகாது,
முகத்துக்கு முன்னாலேயே உருண்டு நிற்கும்.

இருபத்துமூன்றாம் இரவு கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமிவிட்டு அடங்கியது.
காற்றாடி கடைசிச் சுற்றைச் சுற்றி நிற்க,
மலை முழுக்கக் கதவுகள் திறந்தன.
"மிஸ்" என்றார் இருட்டிலிருந்து.
கோப்பு மட்டையை எடுத்தேன்.
விசிறினேன்.
வலக்கை, பிறகு இடக்கை, திரும்ப வலக்கை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதியது.
நாற்பது நிமிடம் இருக்கும்.

வெளிச்சம் வந்து திரை விழித்தபோது
பத்தொன்பது கோடும் அகன்று கிடந்தன,
வைகாசிக் கடல்போல,
சோம்பலாய், ஒன்றன்பின் ஒன்றாய்.
முப்பது நாளில் அந்த ஒரு தடவை.

குறிப்பில் எழுதினேன்:
விசிறி, மட்டை. விசிறியது, ஆள்.
மூன்றாம் நாள் பதில் வந்தது:
அந்த இரவைக் கணக்கிலிருந்து நீக்கவும்.
நீக்கினேன்.

முப்பதாம் நாள் காலை
இரண்டு பேர் பிடிக்க எழுந்து நின்றார்.
கெண்டைக்கால் நடுங்கியது.
"நிலம் சரிஞ்சு கிடக்கு மிஸ்."
பிளேன்ரீ கேட்டார்,
சீனி கூடப் போட்டு.

யன்னல் தாள்களைக் கிழித்து முற்றத்தில் போட்டிருந்தோம்.
கேற்றால் நுழைந்த புள்ளிமான் ஒன்று
கறுப்பில் ஒரு துண்டை
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.