பதினேழு குதிரைகள்

மூடிய எஃகு ஆலைக்குப் பின்னால்,
வேல்ஸ் மழை நாள் முழுக்கத் தட்டும் தகரக் கூரை, என் பட்டறை.
எட்டு மணிக்கே ட்ரெய்லரோடு வந்து நின்றான்
டெய்ஃபியன் ப்ராஸர், பால் டேங்கர் ஓட்டுபவன்.
மேலே கூரை இல்லை, பக்கத்தில் கதவு இல்லை.
கார் என்று சொல்ல நான்கு சக்கரமும் ஒரு பிடிவாதமும்.
பெட்டி பெட்டியாய் வரவழைத்து
ஆறு குளிர்காலம் உட்கார்ந்து பூட்டியிருக்கிறான்.
எஞ்சின் மட்டும், மோதி நசுங்கிய ஒரு குடும்பக் காருடையது.

"எவ்வளவு வரும், மோர்வித்?"
இறக்கும் முன்பே கேட்டான்.
டாக்டரிடம் கேட்கிற குரலில் அல்ல,
லாட்டரிக் கடையில் கேட்கிற குரலில்.
மதுக்கடையில் இருநூறு என்று சொல்லி வைத்திருக்கிறானாம்.
இரண்டு வருஷமாக அங்கே அது
இருநூறாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்ரோல் இல்லாமல்.

பின்சக்கரங்களை டைனோ உருளைகளில் ஏற்றினேன்.
நான்கு பட்டை, நான்கு கொக்கி.
ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன்.
ஒருமுறை ஒன்று அறுந்தது.
சுவரில் அந்தத் தடம் இருக்கிறது, பூச விடவில்லை.

நான்காவது கியர்.
ஓர் அங்குலம் நகராமல் நூறு மைல் வேகம்.
எக்ஸாஸ்ட் குழாய் சிவந்தது,
அலமாரியில் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று பேசின.
ஐயாயிரம் சுற்று தாண்டியதும் வரைகோடு
மூச்சிரைத்துப் படுத்துவிட்டது.

நூற்று நாற்பத்தாறு.

அவன் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

பெட்ரோல் அழுத்தம் சரி.
ஸ்பார்க் ப்ளக் நான்கும் பிஸ்கட் நிறத்தில், சரி.
ஒரு மணி நேரம் வீணாய்ப் போனபின்
பெடலுக்கு அடியில் கைவிட்டேன்.
கம்பளம்.
வீட்டுக் கூடத்துக்கு வாங்கி மிஞ்சியதை
அழகாய் வெட்டி ஒட்டியிருக்கிறான், சிவப்பு, தடிமனாய்.
த்ராட்டில் முக்கால்வாசிதான் திறந்திருக்கிறது.
என் கால் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.
பாழாய்ப்போன கால்.

தான் ஒட்டியதைத் தானே கிழித்தான்,
எதுவும் பேசாமல், பிளேடால்.

நூற்று எழுபத்தெட்டு.

அப்புறம் என் வேலை தொடங்கியது.
பொறி விழும் நேரத்தை
இரண்டு டிகிரி முன்னே தள்ளினேன்: எண்பத்தொன்று.
இன்னொன்று: எண்பத்து நான்கு.
இன்னொன்று: அதே எண்பத்து நான்கு,
காதில் மட்டும் வேறு ஒன்று,
தகர டப்பாவில் அரிசி குலுக்குகிற சத்தம்.
சட்டென்று காலை எடுத்தேன்.
"இன்னும் ஒரே ஒரு டிகிரி" என்றான்.
"பிஸ்டனில் ஓட்டை போட அது போதும்."
ஒன்றரை பின்வாங்கினேன். போனது ஒரு குதிரைதான்.

நூற்று எண்பத்து மூன்று.

அவன் உள்ளே தேநீர் போடப் போனான்.
கெட்டிலின் இரைச்சல் கேட்டது.
திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம்:
காற்றின் வெப்பம், பதினொன்று.
அதில் நாற்பது என்று தட்டி,
காற்றழுத்தத்தில் கொஞ்சம் கிள்ளிவிட்டால் போதும்.
ஐயோ, வெயிலில் வாடிய எஞ்சின் என்று இரங்கி
இயந்திரமே கூட்டிப் போட்டுக் கொடுக்கும், இருநூறு.
கீழ்ப் பள்ளத்தாக்கில் ஒருவர்
வாழ்த்து அட்டை போல அச்சடித்துக் கொடுக்கிறார்.
யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

விரல் கட்டத்தின் மேல் இருந்தது.
ஆறு குளிர்காலம்.
பால் டேங்கரில் விடியற்காலை மூன்று மணிகள்.
பதினேழுதானே.

ஆனால் மண்குதிரை பதினேழு.
அவற்றை நம்பி ஒருநாள் இவன் இறங்குவான்,
ஆற்றில் அல்ல, மலைச்சாலை மேட்டில்,
ஆட்டு லாரியை முந்த, எதிரே என்ன வருகிறதென்று தெரியாமல்.

பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.
தேநீர் ஆறி ஆடை படிந்தது.
"கடையில் என்ன சொல்ல?"
"கம்பளத்தைச் சொல்."
முதலில் முறைத்தான். அப்புறம்,
எக்ஸாஸ்ட் வெடித்த மாதிரி ஒரு சிரிப்பு.

நூற்று நாற்பத்தாறு வந்த தாளையும் கேட்டு வாங்கி,
இரண்டையும் சேர்த்து மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.
மழை. கூரையில்லாத கார்.
ட்ரெய்லரைக் காட்டினேன், தலையாட்டினான்,
ஏறி உட்கார்ந்து சாலைக்குப் போய்விட்டான்.
இரண்டாம் கியர், மூன்றாம் கியர்,
ஆலை மதில் வரை கேட்டது, அரிசிச் சத்தம் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை.
ட்ரெய்லர் இன்னும் என் வாசலில்தான் கிடக்கிறது.