வாளியில் ஓர் இரவு

முதல் டைலை உளி தொட்டதும்
பசை விட்ட தபால்தலை மாதிரி
கையோடு வந்துவிட்டது.
பின்னால் சுவர் இல்லை.
ஊறிய அட்டை. அதன் மேல்
மீசை அரும்பும் பருவத்தில் பூஞ்சணம்.

ஆறு வருஷமாக இதன் எதிரே நின்றுதான்
வெள்ளிக்கிழமைதோறும்
தலைக்குக் குளித்திருக்கிறேன்.

எங்களுக்கு முன் இருந்தவர்
ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு மிஞ்சிய
ஜிப்சம் பலகையை வீணாக்க மனமின்றி
படுக்கையறையில் ஒரு மூலையைத் தடுத்துக்
குளியலறை ஆக்கியவர்.
டைல் மட்டும் மோர்பியிலிருந்து, முதல் ரகம்.
வந்தவர்கள் எல்லாரும் அந்த நீலத்தைப் புகழ்ந்தார்கள்.
நானும்தான், வீடு பார்க்க வந்த அன்று.

வில்லிவாக்கம், மூன்றாம் மாடி.
கட்டில் தலைமாட்டில் பெயின்ட் குமிழியிடும், உதிரும்.
சுரண்டிப் பட்டி பார்ப்போம்.
பொங்கலுக்குள் மறுபடி உதிரும்.
ஒரே ஒருமுறை அந்தச் சுவர் குணமாகியிருந்தது:
இரண்டாயிரத்துப் பத்தொன்பது கோடையில்,
லாரிக்குக் காத்திருந்து
ஒரு குடத்தில் நான்கு பேர்
உடம்பைத் துடைத்துக்கொண்ட மாதங்களில்.

ரெட்டேரி சிக்னல் தாண்டி ஒரு கடை.
தயாளன் பச்சைப் பலகையைத் தட்டிப் பார்த்தான்.
ஈரம் தாங்கும் என்று
அதன் நெற்றியிலேயே அச்சடித்திருந்தது.
"உள்ளதானே இருக்கப்போவுது, யாரு பாக்கப்போறா?
மிச்சமாகிற பணத்துல
டைல் நல்லதா எடுக்கலாம்."

பக்கத்தில் சிமென்ட் ஃபைபர் பலகை.
சாம்பல் நிறம். இரு மடங்கு விலை.
ஒரு முனையைத் தூக்கியதுமே தோள் இறங்கியது.
அழகென்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

சாம்பிள் கேட்டேன்.
பச்சையைக் கடைப்பையன் முழங்காலில் வைத்து உடைத்தான்.
சாம்பலுக்கு மெஷின் எடுத்துவரப் போனான்.

டைல் ஒட்டுகிற பிகாஷ், கஞ்சம் ஜில்லாக்காரன்,
பன்னிரண்டு வருஷத்துச் சென்னைத் தமிழில் சொன்னான்:
"அக்கா, தண்ணி இதுக்குள்ளயும் போவும்.
சிமென்ட்தானே, குடிக்கும்.
ஆனா குடிச்சிட்டு ஆடாது."
பிறகு, மறந்துவிட்டதுபோல,
"மேல கோட்டிங் ரெண்டு கை அடிக்கணும்.
அது வேற காசு."

ராத்திரி பத்தரைக்கு
பழைய பெயின்ட் வாளியில் இரண்டு துண்டையும் போட்டு
மிதக்காமலிருக்க
தயாளன் தொடாத டம்பெல்லை மேலே வைத்தேன்.
நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள்.
அவன் சிரித்துவிட்டுத் தூங்கப் போனான்,
உதிர்கிற சுவர்ப்பக்கம் தலை வைத்து.

மூன்று மணிக்குப் பம்ப் போட எழுந்தபோது
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தண்ணீரில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ கலங்கியிருந்தது.
எதிலிருந்து என்று தெரியவில்லை.
கை விடாமல் வந்து படுத்தேன்.
விடைத்தாளைப் பாதியில் திருத்தக் கூடாது.

காலையில் எடுத்தோம்.
பச்சை, டீயில் முக்கிய பன்.
காகிதம் தோலுரிந்து தொங்கியது.
தயாளன் கட்டைவிரலால் அழுத்தினான்.
நகம் முழுக்க உள்ளே போயிற்று.
விரலைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தான்.

சாம்பல் துண்டு கறுத்திருந்தது,
குடித்த அளவுக்குக் கனத்திருந்தது.
தட்டினால் அதே சத்தம்.

பால்கனிக் கைப்பிடியில் வைத்த பச்சையை
காகம் ஒன்று கொத்திப் பார்த்து
அலகைக் கம்பியில் துடைத்துக்கொண்டு போனது.
"நாலு ஷீட்," என்றான் தயாளன் போனில்,
என்னைப் பார்க்காமல்.

இன்று பலகை ஏறுகிறது.
பிகாஷ் பின்னாலேயே கையை நீட்டுகிறான்: ஸ்க்ரூ.
தயாளன் வாங்கிவந்த டப்பாவில் சாதா இரும்பு.
அவன் கேட்டது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.
"உள்ளதானே இருக்கப்போவு..."
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அதற்குள் நான்
வாளி எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தேன்,
கையில் ஒரு பிடி
கல்லுப்போடு.