இருபதுதான் கூட

ஓந்தாச்சிமடம் பாலம் இறங்கி
முதல் விளக்குக் கம்பத்தடியில்
தொடங்குகிறது ரயர்க் கறுப்பு.
நாடாவின் நுனியைக் கான்ஸ்டபிள் மிதித்துக்கொள்ள
நான் லொறிவரை நடந்தேன்.
இருபது மீற்றர், சொச்சம்.

"இருபதுதான் மிஸ் கூட" என்றார் மஹ்றூப்.
"நாப்பதில வரோணும், அறுபதில வந்திட்டன்,
இல்லையெண்டு சொல்லல்ல.
இருபதுக்கு இவ்வளவு கோடா?"

வாகனப் பரிசோதகர் நான்.
இந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நெல்லு லொறியின் நிழலில் குந்தி
அதன் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன்.

நாற்பதின் வர்க்கம் ஆயிரத்து அறுநூறு.
அறுபதினது மூவாயிரத்து அறுநூறு.
நடுவில் இரண்டாயிரம்.
இருபதின் வர்க்கமோ வெறும் நானூறு, மஹ்றூப்.

நின்ற லொறி நாற்பதைத் தொட வாங்கிய சக்தியைவிட
நாற்பது அறுபதாக
அது வாங்கியது அதிகம்.
கதிமானிக்குள் முள் சமமாய்த்தான் நகரும்.
பொய் சொல்வதில்லை,
பாதியைச் சொல்லாமல் விடுகிறது.

"லோட் கூடிப்போச்சோ?"
இல்லை, நெல்லைக் குற்றம் சொல்லாதீர்கள்.
மூட்டை கனத்தால் தாரும் அந்தளவு இறுக்கிப் பிடிக்கும்;
கணக்கின் இரு பக்கமும் வெட்டுப்பட்டு
திணிவு காணாமல் போகும்.
மிஞ்சுவது நீங்கள் வந்த வேகம்,
அதுவும் தன்னாலே தான் பெருகி.

பத்தாவது மீற்றரில்
கோபாலரெத்தினத்தின் சைக்கிள் நின்றிருந்தது,
பன்னிரண்டு தயிர் முட்டியோடு.
அவர் எதிர்ப்பக்க வெற்றிலைக் கடையில்
மிச்சக் காசுக்குக் கை நீட்டியபடி.

நாற்பதில் வந்திருந்தால்
லொறி ஒன்பதில் நின்றிருக்கும்.

"அறுபதில வந்த எனக்கு
அந்த இடத்தில என்ன கதி, மிஸ்?"

இரண்டாயிரத்தின் வர்க்கமூலம்.
நாற்பத்து நாலு, கொஞ்சம் கூட.

"நாப்பதுக்கும் மேலயா?
முழு பிறேக்கும் பிடிச்சு, மறுகாவுமா?"

மறுகாவும்.

அவர் பம்பரில் காய்ந்த தயிரை
விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
ரயர் இன்னும் மணத்தது.
சக்தி அழியாது என்று படித்தது சரிதான்,
கொஞ்சம் ரப்பரில், கொஞ்சம் தாரில்,
கொஞ்சம் வளைந்த சைக்கிள் பாரில்.
மிச்சத்தைக் காகங்கள் நக்கிக்கொண்டிருந்த ஓட்டுத் துண்டுகளில்.

நட்டம் எழுதப் பேனையைத் திறந்தேன்.
வாய்க்காலுக்குள் இறங்கியிருந்த கோபாலரெத்தினம்
ஒரு முட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறிவந்தார்.
"பதினொண்டு எண்டு போடுங்க.
இது உடையல்ல."